கசூலேக்கு எந்த ரெட் ஒயின்: கஹோரா, மதிரானா, ஃப்ரோந்தோனா?

தென்மேற்கு பிரான்ஸ்ல துலூஸ் பக்கம் குளிர் ஆரம்பிச்சுட்டா கசூலே பேச்சு இல்லாத வாரக்கடைசியே கிடையாது. யாராச்சும் சாப்பிட கூப்பிடுவாங்க, இல்ல நாமளே நாலு பேர கூப்பிட்டு பண்ணுவோம், அப்போ வர்ற குழப்பம் எப்பவும் ஒண்ணு தான், கஹோர், மதிரான், ஃப்ரோந்தோன்னு இந்தப் பக்கத்து மூணு ஒயின்ல கூட எந்த ரெட் வைக்கிறது. கடைல கேட்டா பெரும்பாலும் யோசிக்காம மதிரான் பாட்டில எடுத்து நீட்டுவாங்க. சாப்பாடு கனம், அதனால ஒயினும் கனமா இருக்கட்டும், அவ்ளோ தான் லாஜிக். இது பாதி சரி, மீதி பாதிய நம்புனதால தான் நிறைய பேர் ரெண்டாவது கிளாஸ தாண்ட முடியாம உக்காந்திருக்காங்க.

கசூலே சாப்பிடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வெள்ளை பீன்ஸ ஊறவச்சு வேகவச்சு, அதோட உப்பு போட்டு அதோட கொழுப்புலயே மெதுவா வேகவச்ச வாத்துக்கறி (கோன்ஃபின்னு சொல்லுவாங்க), துலூஸ் சாசேஜ், பன்னிக்கறி, பன்னித்தோல் எல்லாம் சேத்து, வாய் அகண்ட மண்சட்டில போட்டு அவன்ல மணிக்கணக்கா விடுவாங்க. மேல பழுப்பா ஒரு ஆடை கட்டும், அத கரண்டி முதுகால லேசா அமுக்கி உடைச்சு உள்ள தள்ளி விடணும், மறுபடி கட்டும், மறுபடி உடைக்கணும். ஏழு தடவ உடைக்கணும்னு ஊர்ல ஒரு பேச்சு, யார் எண்ணுறாங்கன்னு தெரியல. வெளிய எடுக்கும்போது சட்டி ஓரத்துல கொழுப்பு பொடுபொடுன்னு கொதிச்சிட்டு இருக்கும், பீன்ஸ் முழுசா இருக்கும் ஆனா நாக்குல வச்சா வெண்ணெய் மாதிரி கரையும், அது தான் பதம்.

இதுக்கு உரிமை கொண்டாடி மூணு ஊரு சண்டை போடுது. காஸ்டெல்நோதரி, கார்கசோன், துலூஸ். ப்ரொஸ்பேர் மோந்தாஞேன்னு கார்கசோன்ல பொறந்த சமையல் மேதை ஒருத்தர், காஸ்டெல்நோதரி பிதா, கார்கசோன் சுதன், துலூஸ் பரிசுத்த ஆவின்னு வரிசைப்படுத்தி பஞ்சாயத்த முடிக்க பாத்தார், முடியல. நமக்கு இதுல வேண்டியது ஒண்ணு தான், எந்த ஊர் ஸ்டைல்ல பண்றோமோ அதுக்கேத்த மாதிரி கறி மாறும், கொழுப்பு மாறும். காஸ்டெல்நோதரில பன்னி தூக்கலா இருக்கும், துலூஸ்ல சாசேஜும் வாத்தும். நான் இங்க பேசுறது துலூஸ் ஸ்டைல்.

இப்போ துவர்ப்பு விஷயம். ரெட் ஒயின் குடிச்சா வாய் காயுற மாதிரி இழுக்குமே, திராட்சைத் தோல்லயும் விதைலயும் இருக்கிற டானின் பண்ற வேலை அது. நம்ம எச்சில்ல இருக்கிற புரோட்டீன புடிச்சு இழுத்துடும், வழவழப்பு போயிடும், கொட்டப்பாக்க கடிச்ச மாதிரி ஆயிடும். கூட கறி, கொழுப்பு இருந்தா டானின் அத புடிச்சுக்கும், நம்ம நாக்க விட்டுடும். உப்பும் கசப்ப அமுக்கும். அதனால தான் கொழுப்பு சாப்பாட்டுக்கு டானின் ஒயின்னு சொல்றாங்க, அதுல தப்பில்ல. ஆனா கசூலே தட்டுல பாதிக்கு மேல பீன்ஸ், மாவுச்சத்து. கொழுப்பு பீன்ஸுக்குள்ள இறங்கி கலந்து போயிருக்கு, ஒரு ஸ்டேக் மாதிரி தனியா எதிர்த்து நிக்காது. இங்க வேணும்கிறது துவர்ப்ப விட புளிப்பு, ஒவ்வொரு வாய்க்கும் நடுவுல நாக்க கழுவி விடுற புளிப்பு. இத பத்தி கடைல யாரும் பேசுறதில்ல.

மதிரான்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பெத்த பேரு அதுக்கு தான். கேர்ஸ், ஓத் பிரெனே, பிரெனே அட்லாந்திக்னு மூணு மாவட்டம் சேர்ற இடத்துல இருக்கு, துலூஸ்ல இருந்து மேற்கால கார்ல ரெண்டு மணி நேரம் புடிக்கும். 1948ல ஏஓசி (ஊர் பேர ஒயினுக்கு சட்டப்படி போட்டுக்கிற உரிமை) கிடைச்சுது. தனாட்னு ஒரு திராட்சை, அது தான் அங்க ராஜா, கபர்னே ஃபிராங்க், கபர்னே சோவின்யோன், ஃபெர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலப்பாங்க. தனாட் மாதிரி டானின் உள்ள திராட்சை உலகத்துலயே கொஞ்சம் தான், இளசா குடிச்சா வாய கட்டிப்போட்டுடும். அத பழக்குறதுக்குன்னே பத்ரிக் துகூர்னோன்னு அந்த ஊர் ஒயின்காரர் 1990கள் தொடக்கத்துல ஒரு டெக்னிக் கொண்டு வந்தார், டேங்க்ல இருக்கிற ஒயினுக்குள்ள ரொம்ப ரொம்ப சின்ன அளவுல ஆக்சிஜன விட்டுகிட்டே இருக்கிறது. மரப்பீப்பாய்ல வருஷக்கணக்கா மெதுவா நடக்கிறத இங்க கட்டுப்பாட்டோட பண்றாங்க, டானின் ஒண்ணோட ஒண்ணு சேந்து மழமழன்னு ஆயிடும். அந்த டெக்னிக் அப்புறம் உலகம் பூரா போயிடுச்சு. இந்தப் பக்கம் ஆலன் புரூமோன்னு இன்னொருத்தர், ஷாத்தோ மோந்தூஸ், ஷாத்தோ புஸ்காசே ரெண்டும் அவரோடது, மதிரானும் பேர் போன போர்தோ ஒயினுக்கு சமமா நிக்க முடியும்னு காட்டுனது பெருசா அவர் தான். 

சில பேர் மதிரான இதயத்துக்கு நல்லதுன்னு மருந்து மாதிரி விப்பாங்க. 2006ல நேச்சர் பத்திரிகைல ரோஜர் கார்டர் குழு எழுதின ஒரு ஆய்வுல கேர்ஸ் பக்கத்து ஒயின்ல புரோசயனிடின் (டானின் வகைல ஒண்ணு) அதிகம்னு வந்துச்சு, அத புடிச்சுகிட்டு தான் இந்த பேச்சு. வாத்துக்கொழுப்புல முக்கி எடுத்த பீன்ஸ சாப்பிட்டுட்டு கூட ஆரோக்கியத்துக்காக ஒயின் குடிக்கிறேன்னு சொல்றவங்கள என்ன பண்றது.

சரி மதிரான் எதுக்கு சேரும்? மக்ரேக்கு. கொழுக்க வளத்த வாத்தோட மார்க்கறி, தோல்ல கட்டம் கட்டமா கீறி, சூடில்லாத சட்டில தோல் பக்கம் கீழ படுற மாதிரி வச்சு அப்புறமா தீய மூட்டணும், கொழுப்பு உருகி வர வர வடிச்சு ஒரு கிண்ணத்துல ஊத்தி வச்சுக்கணும் (அடுத்த நாள் உருளைக்கிழங்கு வறுக்க அத விட்டா வேற எதுவும் கிடையாது), தோல் மொறுமொறுன்னு ஆனதும் திருப்பி போட்டு கொஞ்ச நேரத்துல எடுத்துடணும், உள்ள ரோஸ் கலர் போகவே கூடாது. ரத்தம் கசியிற கறியோட புரோட்டீனும் அந்த கொழுப்புத் தோலும் சேந்தா தான் தனாட்டோட துவர்ப்புக்கு சரியான ஜோடி. இங்க கஹோர் கூட கொஞ்சம் பின்னாடி தான் நிக்கும். ஆட்டுக்கறி ரோஸ்ட், காட்டுப்பன்னி ஸ்டூ, ஒசோ இராத்தி சீஸ், இதுக்கெல்லாமும் மதிரான் போதும் போதும்னு வேலை செய்யும்.

கார்ப்யூர்க்கும் மதிரான் தான். முட்டைக்கோஸ், பீன்ஸ், காய்கறி, வாத்து கோன்ஃபி போட்டு காஸ்கோன் பக்கம் காய்ச்சுற கெட்டி சூப், கரண்டி நட்டா நிக்கணும்பாங்க. இதுலயும் பீன்ஸ் இருக்கே, அப்போ ஏன் மதிரான்னு கேப்பீங்க. காரணம் ஷப்ரோ. சூப் முடியுற நேரத்துல தட்டுல அடில கொஞ்சம் சூடான சாறு மிச்சம் வச்சு, அதுல அரை கிளாஸ் ரெட் ஒயின ஊத்தி, ஒரு சுத்து சுத்தி, தட்ட ரெண்டு கையால தூக்கி அப்படியே குடிச்சுடுறது. கிராமத்து பெரியவங்க இப்பவும் பண்றாங்க, பாரிஸ்காரங்க முன்னாடி பண்ணா கொஞ்சம் ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும். அந்த சூட்டுலயும் கொழுப்புலயும் மெலிசான ஒயின ஊத்துனா காணாமலே போயிடும், மதிரான் தான் தாக்கு புடிக்கும்.

கசூலேக்கு மதிரான் ஊத்துனா என்ன ஆகும்னா, முதல் கிளாஸ் பிரமாதம், ரெண்டாவது பரவால்ல, அதுக்கு மேல பீன்ஸும் கனம் ஒயினும் கனம்னு ரெண்டும் சேந்து மேல உக்காந்துடும். ரெண்டு மணி நேரம் நீள்ற சாப்பாடு இது, மறந்துடக்கூடாது.

அடுத்தது கஹோர். துலூஸுக்கு வடக்கால ஒன்றரை மணி நேரம், லோத் ஆறு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற பள்ளத்தாக்கு. ரெட் மட்டும் தான், ஏஓசி 1971ல, குறைஞ்சது 70 சதவீதம் மால்பெக் திராட்சை இருக்கணும், மிச்சம் மெர்லோவோ தனாட்டோ. மால்பெக்னா எல்லாரும் அர்ஜென்டினாவ தான் நெனைக்கிறாங்க, ஆனா அங்க போனதே பிரான்ஸ்ல இருந்து தான், 1853ல மிஷேல் பூஜேன்னு ஒரு பிரெஞ்சு விவசாய நிபுணர் மெந்தோசாவுக்கு கொண்டு போனார். அர்ஜென்டினா மால்பெக் குடிச்சு பழகிட்டு அதே நெனப்புல கஹோர் வாங்குனா ஏமாந்து போவீங்க. அங்க வெயில்ல பழுத்து ஜாம் மாதிரி உருண்டையா இருக்கும், இங்க புளிப்பு தூக்கலா, கொஞ்சம் முரடா, கருப்பு பிளம்ஸ், சில சமயம் இரும்பு, காஞ்ச இலைன்னு வேற திசைல போகும். எனக்கு இது தான் புடிக்கும், கசூலேக்கு வேண்டிய புளிப்பும் இதுல தான் இருக்கு.

இந்த கஹோர் பட்ட பாடு கொஞ்சமில்ல. மத்தியகாலத்துல இங்கிலாந்து வரைக்கும் கருப்பு ஒயின்னு போய்ட்டு இருந்துச்சு, ஆனா சரக்கு ஆத்து வழியா போர்தோ துறைமுகத்த தாண்டி தான் போகணும். போர்தோக்காரங்க ராஜாங்கத்துகிட்ட சலுகை வாங்கி வச்சுகிட்டு, தங்க ஒயின் மொதல்ல வித்து போற வரைக்கும் மேல இருந்து வர்ற கஹோர், கய்யாக் ஒயின உள்ள விடவே மாட்டாங்க, நூத்தாண்டு கணக்கா இதே கதை, 1776ல துர்கோ மந்திரியா இருந்தப்போ தான் அந்த சலுகை போச்சு. அப்புறம் 19ஆம் நூத்தாண்டு கடைசில ஃபிலோக்செரா பூச்சி வந்து கொடிய எல்லாம் தின்னுடுச்சு, மிச்சம் மீதி தேறி வந்தத 1956 பிப்ரவரி உறைபனி அடிச்சு சாச்சுது. இன்னைக்கு நாம குடிக்கிற கஹோர் பெரும்பாலும் அதுக்கப்புறம் நட்ட கொடில இருந்து வர்றது தான். ஜார்ஜ் பொம்பிதூவுக்கு பக்கத்துல கஜார்க்ல வீடு இருந்துச்சு, அவர் ஜனாதிபதியா இருந்தப்போ தான் ஏஓசி கிடைச்சுது, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு உள்ளூர்ல யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க.

வாங்கும்போது ஒண்ணு கவனிக்கணும். ஆத்தோரம் படி படியா ஏறுற சரளை மண்ணுல விளையுறது ஒரு மாதிரி, மேல கோஸ்னு சொல்ற சுண்ணாம்புப் பாறை மேட்டுல விளையுறது வேற மாதிரி. கீழ விளையுறது பழம் தூக்கலா, மெத்துன்னு, சீக்கிரமே குடிக்கலாம். மேட்டு ஒயின் இறுக்கமா, புளிப்பா, பல வருஷம் வைக்கிற மாதிரி இருக்கும். லேபிள்ல எப்பவும் எழுதியிருக்காது, கடைக்காரர்கிட்ட கேட்டா சொல்லுவார், சொல்லலன்னா வேற கடை பாருங்க. கசூலேக்கு நான் சொல்றது அஞ்சாறு வருஷம் ஆன மேட்டு கஹோர், புது மரப்பீப்பாய் வாசனை அடிக்காதது. பீப்பாய்ல ரொம்ப நாள் வச்ச விலை ஒசந்த பாட்டில் எல்லாம் கசூலேக்கு வீண், அந்த வனிலா வாசம் பீன்ஸோட சேராது. பத்துல இருந்து பதினஞ்சு யூரோக்குள்ள நல்லதே கிடைக்கும், செப்டம்பர்ல சூப்பர்மார்க்கெட் எல்லாம் ஒயின் மேளா போடுற நேரத்துல இன்னும் கம்மியா கிடைக்கும்.

வாத்து கோன்ஃபிய கசூலேல போடாம தனியா, பூண்டு போட்டு வறுத்த உருளைக்கிழங்கோட சாப்பிட்டாலும் கஹோர் தான். பாக்க கொழுப்பா தெரியுமே தவிர, கோன்ஃபில கொழுப்பு பாதி உருகி வெளிய போயிடும், மிஞ்சுறது உப்பும் மொறுமொறு தோலும் தான், அதுக்கு மதிரான் அளவு பலம் தேவையில்ல. கேர்சி (கஹோர் இருக்கிற பகுதி) பக்கத்து ஆட்டுக்கறி, காளான் போட்ட ஐட்டம், குளிர்காலத்துல லால்பெங்க் சந்தைல விக்கிற கருப்பு ட்ரஃபிள் சீவி போட்ட ஆம்லெட் (பர்ஸ் இடம் குடுத்தா), எல்லாத்துக்கும் வயசான கஹோர் ஜோரா இருக்கும். 

ஃப்ரோந்தோன் தான் இதுல யாரும் மதிக்காத புள்ள. துலூஸ்ல இருந்து வடக்கால முப்பது கிலோமீட்டர் தான், கரோன் ஆத்துக்கும் தார்ன் ஆத்துக்கும் நடுவுல, துலூஸ்காரங்களோட சொந்த ஒயின். நெக்ரெட்னு ஒரு திராட்சை, வேற எங்கயும் அவ்ளோவா கிடையாது, ஈரம் ஆகாது, சட்டுனு அழுகிடும், நோய் புடிக்கும், அதனால துலூஸ் பக்கத்து வெயிலும் காத்தும் இருந்தா தான் பொழைக்கும். சிலுவைப் போர் வீரர்கள் சைப்ரஸ்ல இருந்து கொண்டு வந்தாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க, கதை தான். கலர் அடர்த்தியா இருக்கும், ஆனா டானின் சாது. வயலட் பூ வாசமும் மிளகும் அதிமதுரமும் அடிக்கும், துலூஸோட அடையாளமே வயலட் பூ தான், பொருத்தம் பாருங்க. சீரா, கபர்னே ஃபிராங்க்னு வேற திராட்சையும் கலப்பாங்க, சில பேர் முழுக்க நெக்ரெட்லயே பண்றாங்க. விலையும் ஆறுல இருந்து பத்து யூரோ தான்.

குறைன்னு பாத்தா புளிப்பு கம்மி, அதனால சூடா ஊத்துனா தொளதொளன்னு இருக்கும். கொஞ்சம் குளுகுளுன்னு, 14, 15 டிகிரில ஊத்துங்க, ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் போதும், வேற ஒயினோன்னு தோணும். துலூஸ் சாசேஜ சுட்டு பருப்போட சாப்பிடுறது, பன்றி ஹாம், பாத்தே, வாத்து ஈரல் சாலட்னு மேஜைல பத்து ஐட்டம் சில்லறையா பரப்பி வைக்கிற நாளுக்கு இத மிஞ்ச ஆள் இல்ல. ஒரே பாட்டில் தான் வாங்க முடியும், வர்றவங்க யார் எப்படி குடிப்பாங்கன்னே தெரியாதுன்னா நான் ஃப்ரோந்தோன் தான் எடுப்பேன், ரெட் புடிக்காதுன்றவங்களும் இத ஒரு கிளாஸ் குடிச்சுடுவாங்க.

பாரிஸ் லா ஷாப்பெல் பக்கமோ துலூஸ்லயோ இருக்கிற நம்மாளுங்க மட்டன் குழம்புக்கு ரெட் வைக்கலாமான்னு கேக்குறாங்க, அதுக்கும் இதே பதில் தான். மிளகா காரம் இருந்தா டானின் இன்னும் கசக்கும், ஆல்கஹால் எரிச்சல ஏத்தி விடும், அதனால மதிரான பக்கத்துலயே விடாதீங்க, குளுகுளு ஃப்ரோந்தோன் ஓரளவு சமாளிக்கும். மிளகு வறுவல்னா நல்லாவே சேரும், இதுலயே மிளகு வாசம் இருக்கே.

கய்யாக், மார்சியாக்னு இன்னும் ரெண்டு இருக்கு. மார்சியாக் அவெரோன் மாவட்டத்துல செம்மண்ணுல விளையுறது, மெலிசா, இரும்பு வாசத்தோட, உருளைக்கிழங்கும் சீஸும் இழுத்து இழுத்து பண்ற அலிகோவுக்கு கச்சிதம். கய்யாக் ரெட் ஒவ்வொருத்தர் கைல ஒவ்வொரு மாதிரி வருது, பேர் தெரிஞ்ச ஆளோடதா இருந்தா மட்டும் வாங்குங்க.

எதுவா இருந்தாலும் ரூம் டெம்பரேச்சர்னு சொல்லிட்டு ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க. அந்த பேச்சு வந்த காலத்துல வீடே 17 டிகிரி தான் இருக்கும், இப்போ 22ல உக்காந்திருக்கோம். கஹோர் 16, மதிரான் 17, 18, அதுக்கு மேல போனா சாராய நெடி தான் மூக்குல ஏறும். மதிரான சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஒரு ஜக்ல ஊத்தி வச்சுடுங்க, கஹோருக்கு ஒரு மணி நேரம். ஃப்ரோந்தோனுக்கு இது எதுவும் வேண்டாம்.

ஆரம்பத்துல ஃபுவா க்ரா (கொழுக்க வளத்த வாத்தோட ஈரல்), கடைசில ரோக்ஃபோர் சீஸ் இருக்குன்னா அந்த ரெண்டுக்கும் இந்த மூணுல ஒண்ணும் ஆகாது, ரெட்டும் நீலப் பூசண சீஸும் சேந்தா வாய்ல உலோகம் மாதிரி ஒரு கசப்பு வரும். மதிரான் விளையுற அதே மண்ணுல பாஷரெங்க்னு இனிப்பு வெள்ளை ஒயின் பண்றாங்க, இல்லன்னா ஜுரான்சோன், ஒரு பாட்டில் எடுத்து வச்சா ரெண்டுக்கும் ஆச்சு.

மிச்சம் ஆச்சுன்னா, ஃப்ரோந்தோன அன்னைக்கே முடிச்சுடுங்க, அடுத்த நாள் வாசம் செத்துடும். மதிரான கார்க் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல வச்சா அடுத்த நாள் இன்னும் சாதுவாகி நல்லாவே இருக்கும், கசூலேயும் அப்படித்தான், சூடு பண்ண பண்ண ருசி ஏறும். அந்த ரெண்டாம் நாள் கசூலே ஓரமெல்லாம் காஞ்சு மொறுமொறுன்னு, சாறு வத்தி, உப்பு தூக்கலா ஆயிருக்கும், அதுக்கு மட்டும் நான் கஹோர விட்டுட்டு மிச்ச மதிரான தான் எடுப்பேன்.